தூக்கம் வருகிறது, ஆனால் நேரத்துக்கு வருவதில்லை: உடல் கடிகாரக் கோளாறுகள், ஓர் எளிய விளக்கம்

இரவு 11 மணிக்குப் படுக்கிறார். விளக்கை அணைத்தாயிற்று, போனையும் தள்ளி வைத்தாயிற்று. 1 மணி ஆகிறது, 2 மணி ஆகிறது, கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். 3.30 மணிக்குத்தான் கண் அசருகிறது. 6.30க்கு அலாரம். எழுந்து குளித்துக் கிளம்பினாலும் பகல் முழுவதும் தலை கனக்கிறது. தூக்கமின்மை என்று மாத்திரை வாங்குகிறார். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறார்.

இதே ஆளைப் பத்து நாள் விடுமுறையில் அலாரம் இல்லாமல் விட்டுப் பாருங்கள். 3.30க்குப் படுப்பார், படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார், 11.30க்குத் தானாகவே எழுவார். எட்டு மணி நேரம், நடுவில் முழிப்பில்லை, எழுந்ததும் தெளிவு. தூக்கத்தின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. அது வரும் நேரம்தான் ஊரோடு ஒத்துப்போகவில்லை.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். சாதாரணத் தூக்கமின்மையில், எந்த நேரத்தில் படுத்தாலும் தூக்கம் தகராறு செய்யும். உடல் கடிகாரக் கோளாறில், உடம்பு கேட்கும் நேரத்தில் படுத்தால் நன்றாகவே வரும். உலகம் கேட்கும் நேரத்தில் படுத்தால் வராது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. தூக்க மாத்திரை ஆளை மயக்கிப் படுக்க வைக்கலாம், ஆனால் கடிகாரத்தின் முள்ளை அது நகர்த்துவதில்லை. மாத்திரையை நிறுத்திய அன்றே பழைய 3.30 திரும்பி வருவது அதனால்தான்.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடம் உண்டு. இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் புள்ளிக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சிறியதாக ஒரு ஜோடி நரம்பணுக் கொத்து இருக்கிறது. மொத்தம் சுமார் 20,000 அணுக்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். கல்லீரல், குடல், தசை என்று ஒவ்வோர் உறுப்பின் செல்லுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு இழுத்துப் பிடிப்பது இந்தக் கொத்தின் வேலை.

வெளிச்சம் இல்லாவிட்டாலும் இந்தக் கடிகாரம் தானாக ஓடும் என்பதற்கான முதல் தடயம் ஒரு செடியில் கிடைத்தது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ழாக் தெ மேரான், பகலில் இலை விரித்து இரவில் மூடும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் அது வேளை தவறாமல் விரிந்து மூடியது. அந்தப் புதிருக்கு மரபணு அளவில் விடை கிடைக்க இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. பழ ஈக்களில் ‘பீரியட்’ என்ற மரபணுவைப் பிரித்தெடுத்து அது இயங்கும் விதத்தை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். சங்கதி எளிமையானது. மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. அந்தப் புரதம் செல்லில் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் தன்னைச் செய்யச் சொன்ன மரபணுவையே அணைத்துவிடுகிறது. பிறகு புரதம் மெல்லச் சிதைகிறது. சிதைந்ததும் மரபணு மறுபடி விழிக்கிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடிக்கிறது.

இங்கே ‘ஏறக்குறைய’ என்ற சொல்தான் முக்கியம். மனிதர்களின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது. சிலருக்கு இன்னும் கூடுதல், சிலருக்கு 24க்கும் குறைவு. அப்படியே விட்டால் நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்விடும். அதைத் தினமும் திருத்துவது கண்ணில் விழும் வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கு உதவும் அணுக்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட வேறு சில அணுக்களும் உண்டு. நீல வெளிச்சம் பட்டால் அவைதான் மிகுதியாகத் தூண்டப்படும். உருவத்தை அறிவது அவற்றின் முதன்மை வேலை இல்லை. ‘வெளியே பகல்’ என்று தலைமைக் கடிகாரத்துக்குச் சேதி அனுப்புவதே வேலை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூக்கத்தைக் கடிகாரம் மட்டும் நடத்துவதில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. பசி ஏறுவது போலத் தூக்கத் தேவை ஏறுகிறது. தூங்கினால் இறங்குகிறது. காபியில் உள்ள காஃபின் செய்வதெல்லாம் இந்த அடினோசின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான். பசி அடங்குவதில்லை, பசிப்பது தெரியாமல் போகிறது. இந்தத் தூக்கப் பசியும் உடல் கடிகாரமும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தை 1982இல் முன்வைத்தவர் தூக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் போர்பேலி. ஓர் இரவு முழுக்க விழித்தவருக்கு விடியற்காலை 4 மணிக்குச் சொக்கிய தூக்கம் காலை 10 மணிக்குக் கொஞ்சம் தெளிகிறதே, அது ஏன்? தூக்கப் பசி கூடித்தான் இருக்கிறது. ஆனால் கடிகாரம் பகல் என்று மணி அடித்துவிட்டது.

அதேபோல, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், கடிகாரம் ஆளை மிக வலுவாக விழிக்க வைக்கும் நேரம். நாளை சீக்கிரம் எழ வேண்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால் போய்ப் படுப்பவர்கள் புரண்டு புரண்டு படுப்பதற்குக் காரணம் பதற்றம் மட்டும் இல்லை. தூங்கவே விடாத நேரத்தில் போய்ப் படுத்திருக்கிறார்கள்.

வெளிச்சம் முள்ளை எந்தப் பக்கம் தள்ளும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உடல் கடிகாரம் சம்பந்தமான முயற்சிகள் தோற்பதில் பெரும்பங்கு இங்கேதான்.

நம் உள்வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கும். அது மிகவும் தாழும் நேரம், நாம் அலாரம் இல்லாமல் தானாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வரும். காலை 7 மணிக்கு இயல்பாக எழுபவருக்குச் சுமார் 4.30 மணி. இதைத் தாழ்புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

தாழ்புள்ளிக்கு முந்தைய சில மணி நேரங்களில் கண்ணில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்படும். அதாவது மறுநாள் தூக்கம் இன்னும் தாமதமாக வரும். தாழ்புள்ளி கடந்த சில மணி நேரங்களில் பட்டால் கடிகாரம் முன்னுக்கு வரும். மறுநாள் தூக்கம் சீக்கிரமாக வரும். தாழ்புள்ளியை ஒட்டிய நேரத்தில் விளைவு அதிகம். நடுப்பகலில் அவ்வளவாக இல்லை.

இப்போது முதலில் சொன்னவரை எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் 11.30க்கு எழுகிறவர். அவருடைய தாழ்புள்ளி காலை 9 மணி வாக்கில். ‘காலை 6 மணிக்கு எழுந்து வெயிலில் நட, எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரோ சொல்கிறார்கள். அவரும் அரைத் தூக்கத்தில் எழுந்து நடக்கிறார். அவர் உடம்புக்கு அது நடு இரவு. 6 மணியிலிருந்து 8 மணி வரை பட்ட வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒரு வாரம் கஷ்டப்பட்டு நடந்த பிறகு தூக்கம் முன்பைவிடத் தாமதமாகிறது. அறிவுரை பொதுவாகச் சரிதான். அவருடைய கடிகாரத்தில் அந்த நேரம் தப்பு. முயற்சி போதவில்லை என்று அவரையே குறை சொல்வது அநியாயம்.

வெளிச்சத்தின் அளவையும் கண்ணால் எடை போட முடியாது. கண்மணி சுருங்கி விரிந்து நம்மை ஏமாற்றிவிடும். லக்ஸ் என்ற அளவில் பார்த்தால், உச்சி வெயிலில் வெட்டவெளி 1,00,000 லக்ஸ் வரை போகும். மேகமூட்டமான நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் வீட்டு அறையில் 100 முதல் 300 லக்ஸ்தான். ஆகவே காலை வெளிச்சத்துக்கு வெளியே போவதே சிறந்தது. அதே சமயம், மாலைக்குப் பிறகு உடம்பு இருட்டை எதிர்பார்க்கும் வேளையில் அந்த 100, 200 லக்ஸ்கூடச் சிலருக்கு, இருட்டியதும் மூளை வெளிவிடும் மெலடோனின் என்ற சுரப்பைக் குறைக்கப் போதும்.

நள்ளிரவு தாண்டித் தூங்குபவர்கள்

இந்த வகைக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது தாமதத் தூக்கக் கோளாறு. 1981இல் இதைத் தனி நோயாக மருத்துவ இதழில் விவரித்தார்கள். வழக்கமான, அல்லது தேவையான நேரத்தைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் தள்ளிப்போவதும், அது மூன்று மாதமாவது நீடிப்பதும், படிப்பையோ வேலையையோ பாதிப்பதும் சேர்ந்தால்தான் கோளாறு. தாமதமாகத் தூங்கி, தாமதமாக எழுந்து, தாமதமாகத் தொடங்கும் வேலையில் நிம்மதியாக இருப்பவருக்கு நோய் எதுவும் இல்லை.

பருவ வயதில் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்கு நகர்கிறது. அதனால் இந்தக் கோளாறு இளவயதினரிடம்தான் அதிகம். சிலருக்கு மரபணுவிலேயே காரணம் உண்டு. ‘கிரை 1’ என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்குக் கடிகாரச் சுற்று நீள்வதை 2017இல் கண்டுபிடித்தார்கள். இரவு போன் பார்ப்பது இதை மோசமாக்கும், உண்மைதான். ஆனால் போனைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பெற்றோர் நினைக்க வேண்டாம்.

சரிசெய்யும் முறையை மேலே சொன்னவரின் கணக்கிலேயே பார்க்கலாம். தூங்குவது 3.30, தானாக எழுவது 11.30, இலக்கு காலை 7.

முதல் இரண்டு மூன்று நாள் 11 மணிக்கு அலாரம். எழுந்த உடனே, பல் துலக்குவதற்கும் முன்னால் என்றாலும் சரி, வெளியே போய் 30 முதல் 60 நிமிடம் பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. கறுப்புக் கண்ணாடி மட்டும் வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று நாள் 10.30. பிறகு 10. இப்படி அரை மணி நேரமாக நகர்த்தினால் 7 மணியைத் தொட ஒன்பது படி, அதாவது மூன்று முதல் நான்கு வாரம். எழும் நேரத்தோடு வெளிச்சமும் சேர்ந்து நகர்வதால் அது எப்போதும் தாழ்புள்ளிக்குப் பிறகே விழும். ஒரு படியில் தூக்கம் கூடவே நகர்ந்து வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாமல் அங்கேயே இன்னும் மூன்று நாள் நில்லுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் 7 மணிக்குத் தாவினால், வெளிச்சம் தாழ்புள்ளிக்கு முன்னால் விழுந்து செய்த வேலை எல்லாம் வீணாகும்.

இரவில், அன்றன்று தூங்க நினைக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்தே கூரை விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்வான மஞ்சள் விளக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பே கடைசிக் காபி முடிந்திருக்கட்டும். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போங்கள்.

இந்தத் திட்டம் உடையும் இடம் பெரும்பாலும் விடுமுறை நாள்தான். ஐந்து நாள் கஷ்டப்பட்டு முன்னுக்கு இழுத்த கடிகாரம், இரண்டு நாள் மதியம் வரை தூங்கினால் பழைய இடத்துக்குப் போய்விடும். காலை வெளிச்சம் தவறுகிறது, இரவு வெளிச்சம் கூடுகிறது, இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. எழும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தளர்வு வேண்டாம். இலக்கை எட்டிய பிறகும் காலை வெளிச்சத்தை விடக் கூடாது. ஓடும் வேகம் அப்படியே இருக்கும் கடிகாரத்தைத் தினமும் திருத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வெளியே போக முடியாதவர்கள் லைட் பாக்ஸ் வாங்குகிறார்கள். 10,000 லக்ஸ், 30 நிமிடம் என்பது வழக்கமான அளவு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 10,000, குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும்தான் பொருந்தும்; பெரும்பாலும் 30, 40 சென்டிமீட்டர். மேசையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கு வருவது அதில் சிறு பங்கே. பார்வைக் கோட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, படித்துக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருக்கலாம். விழித்திரை நோய், இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், வெளிச்சத்தால் தோல் பாதிக்கும் மருந்துகளை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. இருமுனைக் கோளாறில் பலத்த வெளிச்சம் மிகைக் கிளர்ச்சியைத் தூண்டிவிடலாம்.

நேரத்தை முன்னுக்கு இழுக்காமல், தினம் மூன்று மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய் ஒரு சுற்றுச் சுற்றி இலக்கு நேரத்தில் நிறுத்தும் பழைய முறை ஒன்றும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும் ஆபத்து இருப்பதால், வீட்டில் தனியாகச் செய்து பார்க்கும் காரியம் இல்லை.

சாயங்காலமே கண் சொக்குபவர்கள்

இதற்கு நேர் எதிரானது முந்தும் தூக்கக் கோளாறு. மாலை 6 முதல் 9 மணிக்குள் தூக்கம் தாங்காது. விடியற்காலை 2 முதல் 5 மணிக்குள் முழிப்பு வந்துவிடும். வயதானவர்களிடம் அதிகம். தலைமுறை தலைமுறையாக இப்படித் தூங்கும் குடும்பங்களும் உண்டு. 2001இல் அப்படி ஒரு குடும்பத்தில் ‘பெர் 2’ மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். வைத்தியம், மாலை 7 முதல் 9 மணி வரை பலத்த வெளிச்சம். 3 மணிக்கு முழித்துவிட்டோமே என்று எல்லா விளக்கையும் போட்டு வேலை பார்க்கத் தொடங்குவதும், விடிந்ததும் வெயிலில் நடப்பதும் கடிகாரத்தை இன்னும் முன்னுக்கு இழுக்கும். இவர்களுக்குக் காலையில் கறுப்புக் கண்ணாடிதான் நல்லது.

சுற்றிக்கொண்டே போகும் தூக்கம், சிதறிப்போன தூக்கம்

சிலருக்குக் கடிகாரம் பகல் இரவோடு ஒட்டுவதே இல்லை. அதன் சுற்று 24 மணி 30 நிமிடம் என்றால், தூக்கம் நாளுக்கு அரை மணி நேரம் பின்னால் போகும். ஏறக்குறைய 48 நாளில் ஒரு முழுச் சுற்று. நடுவில் சில நாள் இரவில் அருமையாகத் தூங்குவார்கள், குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள், அடுத்த சில வாரத்தில் பகலில் தூங்கி விழுவார்கள். தூக்கத்தைக் கட்டம் போட்ட தாளில் நாளுக்கொரு வரியாக நிழலிட்டால் படிக்கட்டு மாதிரி சாய்வாக இறங்குவது தெரியும். முற்றிலும் பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இது உண்டு. கடிகாரத்தைத் திருத்த வெளிச்சம் உள்ளே போவதில்லை என்பதே காரணம். அவர்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில் குறைந்த அளவு மெலடோனின் கொடுத்தால் பலருக்குக் கடிகாரம் கட்டுக்குள் வருகிறது. இதற்கென்றே டாசிமெல்டியான் என்ற மருந்தை 2014இல் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்தது. உருவம் எதுவும் தெரியாத சிலருக்கு மெலனாப்சின் அணுக்கள் மட்டும் வேலை செய்வதுண்டு. அவர்கள் சரியாகத் தூங்குகிறார்கள். பார்வை போய்விட்டது என்பதால் அந்தக் கண்களுக்கு வெளிச்சம் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது.

மறதி நோய் உள்ளவர்களிடம் வேறொன்றைப் பார்க்கலாம். இரவுத் தூக்கம் என்று ஒரு கட்டியாக எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்தில் மூன்று நான்கு துண்டுகளாக உடைந்து கிடக்கும். பகலில் ஜன்னல் ஓரத்திலும் வெளியிலும் உட்கார வைப்பது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, ஆட்களோடு பேச வைப்பது, இரவில் சத்தமும் விளக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை உதவும். இவர்களுக்கு மெலடோனின் வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2015 வழிகாட்டி சொல்கிறது. தூக்க மாத்திரையும் வேண்டாம். தடுமாறி விழுவதும் குழப்பம் கூடுவதும் கண்கூடு.

நைட் ஷிஃப்ட்

இரவு வேலை பார்ப்பவரின் கடிகாரம் பழுதாகவில்லை. நல்ல கடிகாரத்தை எதிர்த்து அவர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். விடியற்காலை 3 முதல் 5 மணி வரை தாழ்புள்ளியை ஒட்டிய நேரம்; தவறுகளும் விபத்துகளும் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய வேளை. வேலை முடிந்து காலை 7 மணிக்கு வெளியே வந்தால் முகத்தில் வெயில் அடிக்கிறது. தாழ்புள்ளி தாண்டிய வெளிச்சம் அது, கடிகாரத்தைப் பகல் பக்கமே இழுத்துக் கட்டுகிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நான்கைந்து மணி நேரத்தில் முழிப்பு. பல ஆண்டு நைட் பார்த்தவருக்கும் உடம்பு பழகாமல் இருப்பதற்கு இந்தத் திரும்பும் வழி வெயில் ஒரு பெரிய காரணம்.

இரவு வேலையே நிரந்தரம் என்றால், கடிகாரத்தை முழுக்கத் திருப்பாமல் பாதி வழியில் நிறுத்துவது நடைமுறைக்கு ஒத்து வரும். வேலை நாளில் காலை 8.30 முதல் மதியம் 3.30 வரை தூக்கம். விடுமுறையில் விடியற்காலை 3 முதல் நண்பகல் வரை. இரண்டிலும் 8.30 முதல் 12 வரை பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். தாழ்புள்ளி அந்தத் தூக்கத்துக்குள்ளேயே, சுமார் காலை 10 மணிக்கு, உட்கார்ந்துகொள்ளும்; வேலை நேரத்தில் அது வந்து ஆளைக் கவிழ்க்காது. இதற்கு ஷிஃப்டின் முதல் பாதியில், ஏறக்குறைய 4 மணி வரை, பலத்த வெளிச்சத்தில் வேலை செய்ய வேண்டும். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. ஆனால் தூக்கம் சொக்கும் நிலையில் தானே வண்டி ஓட்டுபவருக்குக் கண்ணாடி வேண்டாம், அந்த நிலையில் வண்டியையே எடுக்காமல் இருப்பது உத்தமம். படுக்கையறை, கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இருட்டாக இருக்கட்டும். காபி ஷிஃப்டின் முதல் பாதியோடு சரி. கிளம்புவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போனால் விடியற்காலை ஓரளவு சமாளிக்கலாம்.

மாறி மாறி ஷிஃப்ட் வந்தால் இப்படிக் கடிகாரத்தை நகர்த்த முயல வேண்டாம். நகர்வதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும். முன் தூக்கம், முதல் பாதிக் காபி, இருட்டறை, இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷிஃப்ட் போடுகிறவர்கள் கையில்தான் இதில் பெரிய மருந்து இருக்கிறது: காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடம்பு பின்தொடரும், ஏனென்றால் கடிகாரத்துக்குத் தாமதமாவது எளிது. இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுழற்றுவது கொடுமை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்டைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் ஒன்றாக 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ஆகவே இதை அந்தத் தொழிலாளியின் சொந்தப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

விமானத்தில் போய் இறங்கினால்

ஜெட் லாக்கும் இதே கணக்குத்தான். கிழக்கே போனால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், மேற்கே போனால் ஒன்றரை மணி நேரம் என்று கடிகாரம் புது ஊருக்கு நகரும். கிழக்கு கடினம், ஏனென்றால் 24 மணி நேரத்தைவிட நீளமாக ஓடும் கடிகாரத்தைக் குறுக்க வேண்டியிருக்கிறது.

எட்டு மணி நேர வித்தியாசத்தில் கிழக்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உங்கள் தாழ்புள்ளி காலை 5 மணி என்றால், இறங்கிய ஊரில் அது மதியம் 1 மணி. காலை 8 மணிக்கு இறங்கி உற்சாகமாக வெயிலில் சுற்றினால் கடிகாரம் தப்பான பக்கம் போகும். முதல் நாள் 1 மணி வரை கறுப்புக் கண்ணாடி அல்லது கட்டடத்துக்குள். 1 முதல் 4 வரை வெளியே. அடுத்த நாள் 12, அதற்கடுத்த நாள் 11 என்று முன்னுக்கு வாருங்கள். மேற்கே அதே எட்டு மணி நேரம் என்றால் தாழ்புள்ளி இரவு 9க்கு வரும். மாலை இருட்டும் வரை வெளியே இருந்தாலே போதும். இரண்டு நாள் பயணம் என்றால் எதையும் மாற்றாமல் நம் ஊர் நேரத்திலேயே தூங்கிவிட்டு வந்துவிடலாம்.

மெலடோனின் தூக்க மாத்திரை இல்லை

இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் சுரப்பு அது. வழக்கமான தூக்க நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், வெளிச்சம் குறைந்திருந்தால், மூளையின் பினியல் சுரப்பி அதை வெளிவிடத் தொடங்குகிறது. மாத்திரையாக எடுக்கும்போது அது வெளிச்சத்துக்கு எதிர்த் திசையில் வேலை செய்யும்: மாலையில் எடுத்தால் கடிகாரம் முன்னுக்கு வரும், காலையில் எடுத்தால் பின்னுக்குப் போகும்.

தாமதத் தூக்கக் கோளாறில் பலர் செய்யும் தப்பு, படுக்கும்போது 10 மில்லிகிராம் விழுங்குவது. கடிகாரத்தை நகர்த்த 0.5 மில்லிகிராமே போதும். எடுக்க வேண்டிய நேரம், இப்போது தூக்கம் வரும் நேரத்துக்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் முன்னால், 3.30க்குத் தூங்குபவருக்கு இரவு 9, 10 மணி. தூக்கம் முன்னுக்கு நகர நகர மாத்திரையையும் நகர்த்த வேண்டும். அளவைக் கூட்டினால் நள்ளிரவு தாண்டியும் ரத்தத்தில் தங்கி, காலையில் தப்பான பக்கம் தள்ளக்கூடும். மருந்துச் சீட்டு இல்லாமல் துணைச் சத்தாக விற்கும் இடங்களில் இன்னொரு சிக்கல்: 2017இல் வெளியான ஓர் ஆய்வில், லேபிளில் போட்டிருப்பதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததிலிருந்து 478 சதவீதம் கூடுதலாக இருந்தது வரை கண்டார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மனநலத்துக்குக் கொடுக்கும் ஃப்ளூவோக்சமைன் போன்ற மருந்து எடுப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். மாத்திரை போட்ட பிறகு வண்டி ஓட்ட வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது

ரத்தப் பரிசோதனையைவிட இங்கே அதிகம் உதவுவது தூக்க நாட்குறிப்பு. குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள். வேலை நாளும் விடுமுறையும் இரண்டும் அதில் வர வேண்டும். ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: ‘புதன், வேலை நாள். படுத்தது 11.15, தூங்கியது சுமார் 3, அலாரம் 6.30, எழுந்தது 6.50. காபி 8, 2, 6 மணி. மதியம் 40 நிமிடத் தூக்கம்.’ மணியைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம். காலையில் எழுந்து ஒரு தடவை உத்தேசமாக எழுதினால் சரி. அதோடு சில டாக்டர்கள் ஆக்டிகிராஃபி என்று கைக்கடிகாரம் போல ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அசைவையும் வெளிச்சத்தையும் அது நாள்கணக்கில் பதியும்.

குறட்டையும் நடுவில் மூச்சுத் திணறலும், படுத்ததும் காலில் ஏற்படும் ஒருவித நமைச்சலும் அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவதும், மனச்சோர்வும் இந்தக் கோளாறுகளோடு கலந்தும் வரும், இவற்றைப் போல வேடமிட்டும் வரும். நாட்குறிப்பில் விடுமுறை நாள் வரிகளை டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். அலாரம் இல்லாத நாளில் எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லை என்றால் கடிகாரத்தைத் தாண்டி வேறு எதையோ தேட வேண்டும். வண்டி ஓட்டும்போதோ இயந்திரத்தின் முன்னாலோ ஒரு தடவையாவது கண் அயர்ந்திருந்தால் 14 நாள் தாள் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போய்ப் பாருங்கள்.